சப்போர்ட் மார்ச்சோடு முடிகிறது

இவன் கமிஷனுக்கு அலைகிற ஆசாமி என்று ஸுந்தரராஜன் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்.

மதுரை சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த தனுஷ்கோடி, எதிரே உட்கார்ந்து சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழைய சாப்ட்வேருக்கு மார்ச்சோட சப்போர்ட் முடியுது ஸார். அதுக்குப் பொறவு மக்கர் பண்ணுச்சுன்னா யாரும் வரமாட்டாக. இப்பவே புதுசுக்கு மாறிருங்க."

ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லின் ப்ளானிங் ஆபீசர் ஸுந்தரராஜன். மில்லுக்குப் புது யூனிட் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கூரை எப்போது போட வேண்டும், மிஷின் எப்போது வந்து இறங்க வேண்டும், ஒன்று தள்ளிப்போனால் கூடவே எதெது தள்ளிப்போகும் என்று சொல்வதெல்லாம் அந்த சாப்ட்வேர்தான். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஜீவன் தான்தான் என்பதில் அவருக்கு ஏகப்பெருமை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட ஓட, கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவார். பக்கத்தில் யாராவது நின்றால் இன்னும் வேகமாகத் தட்டுவார்.

"பணம் கட்டினா பழசுக்கே இன்னும் ஒரு வருஷம் சப்போர்ட் உண்டுன்னு உங்க கம்பெனியே சொல்லியிருக்கே? புதுசுக்கு ஆகற செலவுலே கால்வாசிதானே? அதை எடுத்துக்கறோம்" என்றார்.

தனுஷ்கோடி பையிலிருந்து அந்த ஒரு வருஷ பாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளேயே வைத்தார்.

"எடுக்கலாம் ஸார். ஆனா தண்டச் செலவு. அடுத்த வருஷம் எப்படியும் மாறித்தானே ஆகணும்? மிஷின் வந்து எறங்குறதுக்கு முந்தி மாத்திட்டா உங்களுக்கு லேசு."

'புதுசை விற்றால்தானே உனக்குத் துட்டு' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார் ஸுந்தரராஜன்.

அவருடைய நிஜமான சங்கடம் வேறு. புது சாப்ட்வேருக்கு மவுஸ் பிடிக்கத் தெரிய வேண்டும். மதுரையில் ஒரு கண்காட்சியில் அவர் மவுஸைத் தொட்டதும், அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. பின்னால் வரிசையில் நின்ற காலேஜ் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு மில் பணத்தின் மேல் அக்கறை பிறந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இதையெல்லாம் கேட்ட அவர் மனைவி பங்கஜவல்லி, "செலவு கிலவுன்னு ஏன்னா சுத்தி வளைக்கறேள்? எலியைத் தொடப் பயமா இருக்குன்னு எம்.டி. கிட்டே சொல்லிடுங்கோளேன்" என்றாள்.

மறுநாள் எம்.டி. ஸுந்தரராஜனையும் தனுஷ்கோடியையும் கூப்பிட்டு, பழசா புதுசா என்று கேட்டார்.

"விக்க வந்தவர் வேற எப்படிச் சொல்வார் ஸார்?" என்றார் ஸுந்தரராஜன், தனுஷ்கோடியை வைத்துக்கொண்டே.

தனுஷ்கோடியின் முகம் மாறவில்லை. மிஷின் வந்தபிறகு மாற்றினால் என்னென்ன குழப்பம் வரும் என்று மட்டும் நிதானமாகச் சொன்னார்.

"அவர் சொல்றதுதான் சரி. மாத்திடுங்க" என்று எம்.டி. எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் தனுஷ்கோடி ஒரு பெட்டி நிறைய ப்ளாப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பழைய திட்டம் முழுவதையும் புதுசுக்கு மாற்றினார். அதற்கப்புறம்தான் ஸுந்தரராஜனின் சோதனைக் காலம் ஆரம்பித்தது.

தனுஷ்கோடியை மட்டும் உள்ளே வைத்து ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மவுஸைக் கையில் எடுத்தார். எடுத்தது மட்டுமா, பெருமாளுக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி திரைக்கு முன்னால் தூக்கியும் காட்டினார்.

"தூக்காதீங்க ஸார். மேஜை மேலேயே வச்சு நகட்டுங்க."

தனுஷ்கோடி சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே அவரை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டிருப்பார் ஸுந்தரராஜன்.

"மொதல்லே இந்தச் சீட்டாட்டத்தை ஆடுங்க. கை தன்னாலே பழகிரும்" என்று கம்ப்யூட்டரிலேயே சீட்டுக்கட்டைத் திறந்து கொடுத்தார்.

ஸுந்தரராஜன் ராணிக்கு மேல் ஜாக்கியை வைக்க அரும்பாடு பட்டுக்கொண்டிருந்தபோது எம்.டி. கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"ஆபீஸ்லே சீட்டாட்டமா?"

ஸுந்தரராஜன் மவுஸை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"நான்தான் ஸார் போட்டேன். மவுஸ் சரியா ஓடுதான்னு செக் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் தனுஷ்கோடி. எம்.டி. போய்விட்டார்.

வாரக் கடைசியில் ஸுந்தரராஜன் திட்டத்தைக் கலர் கலர்க் கட்டங்களாகத் திரையில் ஓடவிட்டார். கதவையும் அகலத் திறந்து வைத்தார். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

கிளம்பும்போது தனுஷ்கோடி, "ஸார், உங்க ஊர்லே பால்கோவா எந்தக் கடையிலே நல்லாருக்கும்? பிள்ளைகளுக்கு வாங்கிட்டுப் போகணும்" என்று கேட்டார்.

வழி சொல்லி அனுப்பினார் ஸுந்தரராஜன். 'கமிஷன் வந்தால் இனிப்பு வாங்க வேண்டியதுதானே' என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் போயிருக்கும்; ஏப்ரல் பிறந்துவிட்டது. புது சாப்ட்வேர் பிரிண்ட் எடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. ஸுந்தரராஜன் மதுரைக்குப் போன் போட்டார். கம்பெனி மேனேஜர் பேசினார்.

"தனுஷ்கோடியை அனுப்புங்கோ. வேற யாரும் வேண்டாம். அவர்தான் பொறுமையாச் சொல்லித் தருவார்."

"அவர் இப்ப இங்கே இல்லையே ஸார். மார்ச்சோட வேலை முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? புதுசை வித்துக் குடுத்த மனுஷனுக்குக் கமிஷன்தானே குடுக்கணும்?"

"கமிஷனா? புதுசுக்கு ஆளுங்களே வேற ஸார். அவரைப் பழசைப் பாக்குறதுக்கும், அதை மாத்திக் குடுக்குறதுக்கும் மட்டும் வச்சிருந்தோம். பழசை வச்சிருந்த கடைசி கஸ்டமர் நீங்கதான். நீங்க அந்த ஒரு வருஷத்தை நீட்டியிருந்தா, அவரையும் ஒரு வருஷம் வச்சிருந்திருப்போம்."

ஸுந்தரராஜன் மெல்லக் கேட்டார்.

"பாவம்... இது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாமே என்ன ஸார்? உங்ககிட்டே வர்றதுக்கு முந்தியே சொல்லித்தான் அனுப்பினோம்."