யாரு பெத்த பிள்ளையோ

பிள்ளை பிறந்ததும் அழுத அழுகையைச் செண்பகா கேட்கவில்லை. அப்போது அவளுக்கு மயக்க மருந்து தெளியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை அழவே இல்லை. பசி எடுக்கும் முன்பே, புதிதாக வாங்கிய தானியங்கித் தொட்டில் அதை அறிந்து அவளைக் கைபேசியில் கூப்பிட்டுவிடும். சிணுங்கும் முன்பே ஆட்டித் தூங்கவைத்துவிடும். ஆனாலும் தலைப்பிள்ளை. மூச்சு சீராக இருக்கிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் கைபேசியைப் பார்ப்பாள்.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்காகத்தான் பிள்ளையை முதன்முதலாகத் தொட்டில் இல்லாமல் வெளியே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். நர்ஸ் பிள்ளைகளை வாங்கி உள்ளே படுக்கவைத்துவிட்டு, "அவங்கவங்க பிள்ளை அழுற சத்தம் கேட்டா வந்து தூக்கிக்கிடுங்க" என்று திரையை இழுத்துவிட்டாள்.

ஒவ்வொரு அழுகைக்கும் ஒருத்தி எழுந்து ஓடினாள். அந்தத் தொட்டில் வாங்காத வீட்டுப் பெண்கள். செண்பகா கைபேசியைப் பார்த்தாள். 'தொட்டில் காலி' என்றது.

உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. விட்டுவிட்டு, மூச்சுமுட்ட அழுதது. யாரும் போகவில்லை. செண்பகாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரு பெத்த பிள்ளையோ, இந்தக் கத்து கத்துது. பெத்தவ காதுல பஞ்சு வச்சிருக்காளா?"

பக்கத்தில் இருந்தவள், மடியில் தேம்பிய தன் மகனைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் தூக்கியாச்சேக்கா. நீங்க ஒருத்திதான் பாக்கி."