கைப்பிடி எதற்கு

இரண்டு சூதாட்ட இயந்திரங்களும் தொழிற்சாலையின் நடுவில் அருகருகே நின்றன. ஒன்றில் பொத்தான். மற்றதில் பழைய இரும்புக் கைப்பிடி.

உள்ளே இரண்டும் ஒன்றுதான். பழங்களும் மணிகளும் வரைந்த உருளைகளை இப்போது சுற்றுவது மோட்டார். கைப்பிடியின் அடியில் இருப்பதும் ஒரு சுருள்வில்லும் வெறும் சுவிட்சும்தான். அதற்குக் கம்பி பற்றவைத்தவளே, பற்றவைக்கும் மேசையில் வேலை செய்யும் யாத்விகாதான்.

"வேலையே செய்யாத கைப்பிடிக்கு ஏன் இரும்பை வார்க்கணும்?" என்று முதலாளி கிர்ஷ் காலையிலேயே கேட்டிருந்தார். நெவாடா சூதாட்ட விடுதிகளுக்கு எதை அனுப்புவது? இங்கே சிகாகோவில் வேலை செய்யும் ஆட்களே ஆளுக்கொரு முறை ஆடிச் சொல்லட்டும்; எதில் அதிகம் பேர் ஆடுகிறார்களோ அது போகும். கைப்பிடி தங்கினால், அந்தச் செலவுக்காகப் பற்றவைக்கும் மேசையிலிருந்து ஒருத்தி போக வேண்டும்.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் யாத்விகா.

அதனால் மேசைப் பெண்கள் பேசிவைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள். கைப்பிடிக்கு இரும்பு வார்க்கும் வார்ப்படக்காரர்கள் விடுவார்களா? அவர்கள் கைப்பிடியை இழுத்தார்கள். சரிக்குச் சரி. மிச்சம் யாத்விகாதான்.

காசை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

எடுத்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள்.

"அமுக்குடி! அது என்ன உன்னைக் கடிக்கவா போகுது? காபி ஆறுது," என்று மேசையிலிருந்து கத்தினாள் புளோரன்ஸ். மேசையே சிரித்தது.

யாத்விகாவும் சிரிக்கப் பார்த்தாள். விரல்தான் இறங்க மறுத்தது.

சட்டென்று பக்கத்து இயந்திரத்துக்கு நகர்ந்தாள். காசைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

பாதியில் சுருள்வில் எதிர்த்தது. இன்னும் இழுத்தாள். அது விட்டுக்கொடுத்தது. உருளைகள் கடகடவென்று சுழன்றன.

சிரிப்பு நின்றிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்றார் கிர்ஷ்.

"தெரியும் சார். ஆனா இது பதிலுக்கு இழுக்குது."

மேசைக்குப் போனாள். யாரையும் பார்க்காமல் தன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

போன மாதம், ஆஸ்பத்திரியில், அவள் கணவன் காசிமிர் மூச்சுக்குத் திணறிய இரவில், கட்டிலின் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. நர்ஸைக் கூப்பிட. அவள் அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. வழவழவென்று உள்ளே போய், வழவழவென்று வெளியே வந்தது.

விடிந்து, அவன் உடலைக் கொண்டுபோக ஆட்கள் கட்டிலை நகர்த்தியபோதுதான் பார்த்தாள்.

பொத்தானின் கம்பி நுனி சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பற்றவைத்திருக்கவே இல்லை.