தோற்க மறுக்கும் துவரம்பருப்பு

அமெரிக்காவின் பிளானோ நகரில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரவியிருக்கிறது. மேஜை மீது 1796ஆம் ஆண்டின் ஜெர்மனி. நீல ரிப்பன்தான் ரைன் நதி. துவரம்பருப்பு பிரெஞ்சுப் புரட்சிப் படை, உளுத்தம்பருப்பு ஆஸ்திரியப் படை. பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக மகள் தன்யா போனில் படம்பிடிக்கிறாள். அந்த வருஷம் அடி வாங்கிய பிரெஞ்சுக்காரர்களை நதிக்குப் பின்வாங்க வைப்பது அப்பா சிவராமகிருஷ்ணனின் வேலை. அவருக்கோ மனசே வரவில்லை. தமிழ்ச் சங்கத்துக் கேரம் போட்டியில் குழந்தைகளிடம்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், கேமரா முன்னால் எப்படித் தோற்பார்? பின்னால் இழுக்க வேண்டிய பருப்பை இரண்டு கையாலும் அணைத்து, சரசரவென்று ஆஸ்திரியர்கள் நடுவே பாய்ச்சிவிடுகிறார். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாய்க் கலக்கின்றன. நாலைந்து வீரர்கள் தரையில் குதித்து ஓடுகிறார்கள்.

“அப்பா! யூ ஹேவ் டு லூஸ்!” தன்யாவின் போன் சிரிப்பில் குலுங்குகிறது.

“இன்னும் ஒரே ஒரு டேக் குடும்மா, கண்டிப்பா தோத்துடறேன்.”

சாம்பாருக்குப் பருப்பு தேடி, காலிக் குக்கரோடு வந்து நிற்கிறாள் அவர் மனைவி பத்மஜா. சிவராமகிருஷ்ணன் தலை நிமிராமல் உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்குகிறார். பத்மஜா ஜெர்மனி முழுவதையும் ஒரு பார்வை பார்க்கிறாள். பிறகு குக்கரை மேஜை விளிம்பில் பிடித்து, இரண்டு படைகளையும் ஒரே கையால் வழித்து உள்ளே தள்ளுகிறாள்.

“விடுங்க. இன்னிக்கு சாம்பார் இல்ல, அடைதான். அரிசி எடுத்துட்டு வாங்க.”

தன்யா இன்னும் போனை இறக்கவில்லை. கடைசிவரை தோற்காத தளபதி எழுந்து அரிசி அளக்கப் போகிறார்.