நாலு எலுமிச்சம்பழம்

காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"இதென்னங்க, கட்டில் மாதிரி இருக்கு!"

அவன் சிரிக்கவில்லை. அந்த சீட்டை நிமிர்த்த அவனுக்கு இன்னும் கை வரவில்லை. அவன் மனைவி சிந்துஜா கடைசியாக அதில் படுத்தபடிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

காரைப் பார்க்க வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா.

ஒரு ஆளுக்கு எதற்குக் கார் என்று விற்கிறான். அதை மட்டும் சொல்லியிருந்தான்.

அவளுடைய கணவன் பிரசன்னா வெளியே நின்று டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான். கையில் ஷோரூமில் கொடுத்த வழவழப்பான காகிதம்.

"இதுக்கு மேல கொஞ்சம் போட்டா புதுசே வந்துருமுங்க சார். மாசாமாசம் கட்டிக்கலாம்."

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் காரை வாங்கப் போனபோது, வேறொருவர் வீட்டு வாசலில், இதற்குப் பக்கத்தில் நின்று அவனும் சிந்துஜாவிடம் இதையேதான் சொன்னான்.

சிந்துஜா அன்று அவன் காதருகே குனிந்தாள்.

"உனக்கு வேண்டியது புது சீட் வாசம். அதைப் பாட்டில்ல அடைச்சு விக்கறாங்க. வாங்கித் தர்றேன்."

பழையதையே எடுத்தார்கள். கையில் இருந்த பணத்தோடு முடிந்தது. கடன் இல்லை.

நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். விற்றவர் சிரித்தார். பழைய வண்டிக்கு எதுக்கும்மா என்றார்.

"எங்களுக்குப் புதுசுதானே சார்."

பிரசன்னா குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். "நிஜமா எவ்வளவு செலவு வெச்சிருக்குமுங்க இது?"

சொன்னான். கிளட்ச். பேட்டரி. இரண்டு டயர். ஏசி ஒரு தடவை. மழை பெய்தால் இடது கதவு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மறைக்க ஒன்றும் இல்லை.

உள்ளே அவள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்தாள். சீட் நகர்ந்தது.

ஏதோ ஒன்று உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

எலுமிச்சம்பழம். கறுத்து, சுருங்கி, கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிப்போனது.

பிரசன்னா சட்டென்று கதவைத் திறந்தான்.

"ரம்யா, கீழ இறங்கு. அதத் தொடாத."

பிறகு அவன் பக்கம் திரும்பினான். முகம் மாறியிருந்தது.

"மந்திரிச்சதுங்களா சார்? வண்டி எங்காச்சும் அடிபட்டுச்சா? ஆள் யாராச்சும் போயிட்டாங்களா? சொல்லிருங்க."

ஆள் போனது உண்மைதான்.

"வாந்திக்குங்க," என்றான். "மோந்து பாக்கறதுக்கு. கீமோ முடிஞ்சு வர்றப்ப என் வைஃப் கையில ஒண்ணு வெச்சிருப்பா."

பிரசன்னா கதவிலிருந்து கையை எடுத்தான்.

சிந்துஜா படுத்தபடியேதான் வருவாள். ரோடு தெரியாது. குலுங்குவதை வைத்தே இடம் சொல்வாள். ஹோப்ஸ் ஸ்டாப் தாண்டியாச்சு. இப்ப பாலம். தப்பாகச் சொன்னால் அவன் வண்டி ஓட்டும் லட்சணம் அப்படி என்பாள்.

ஒரு நாள் கையிலிருந்த பழம் நழுவி எங்கோ ஓடிவிட்டது. தேட வேண்டாம், அடுத்த தடவை கிடைக்கும் என்றாள்.

அவனே மறுபடி பேசினான். தன் குரலை அவன் அவ்வளவு நீளமாகக் கேட்டு நாளாகியிருந்தது.

"செலவு கேட்டீங்கல்ல. இதுக்குத் தவணை கிடையாதுங்க. அதனால ஏழு மாசம் சம்பளமில்லாம லீவு போட முடிஞ்சுது. அவகூட இருந்தேன். புதுசு எடுத்திருந்தா ஆபீஸ்ல இருந்திருப்பேன்."

பிரசன்னா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். மடித்தான். மறுபடி மடித்தான்.

ரம்யா குனிந்து பழத்தை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னும் லேசா வாசம் இருக்குங்க."

அவன் உள்ளங்கையில் வைத்தாள். எடையே இல்லை.

இறங்குவதற்கு முன் சீட்டை மெல்லப் பின்னால் தள்ளி, முதலில் இருந்த இடத்திலேயே விட்டாள். சாய்வில் கை வைக்கவில்லை.

அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தான். அவள் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டான்.

யாரும் பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுப்பதாக பிரசன்னா சொன்னான். இப்பவே எடுத்துட்டுப் போலாமா என்று மனைவியைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில வரலாமுங்க," என்றாள் ரம்யா. "இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகு அந்த சீட்டின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். குனிந்து நெம்புகோலைத் தேடினான். கை தானாகவே கண்டுபிடித்தது.

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சீட் நிமிர்ந்தது.

சாயங்காலம் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போனான். கடைக்கார அக்கா தக்காளிப் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, ஆளையே காணோம்?"

"எலுமிச்சம்பழம்க்கா. நாலு."

முன்பெல்லாம் ஒன்றுதான் வாங்குவான். கனமான ஒன்று, தோல் மெல்லிசாக. அவளே பொறுக்கித் தருவாள்.

"நாலா?" அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. "அட, வண்டி எடுத்திருக்கறயா!"

அவன் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டான்.

"புதுசா, பழசா?"

கையிலிருந்த கடைசிப் பழத்தை ஒரு தடவை மோந்து பார்த்தான்.

"எடுக்கறவங்களுக்குப் புதுசுதாங்க்கா," என்றான்.