சின்ன ஸ்டியரிங்

எங்கப்பா பொய் சொல்வார் என்பது எனக்கு வாட்ஸப்பில்தான் தெரிய வந்தது.

மசினகுடி ரிசார்ட் மேனேஜர் பிரைட்டன் அனுப்பியிருந்தார்: “கல்யாண போட்டோ ஷூட்டுக்கு உங்க பழைய ஃபியட் ஓகே. ஆனா அந்த ஸ்டியரிங் இந்த வண்டியோடது இல்லை. நீ அனுப்பின போட்டோவுல அளவைப் பார்த்தாலே தெரியுது, ஏதோ பெரிய வேன் ஸ்டியரிங். ஒரிஜினலை மாட்டினா சீசன் முழுக்க உன் வண்டியைத்தான் வாடகைக்கு எடுப்பேன்.”

ப்ளஸ் டூ முடித்து, காலேஜ் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு மாதமாகத் திட்டு வாங்குகிறவள் நான். லைசென்ஸ் மட்டும் கையில் இருக்கிறது. இதை விடுவேனா?

நேராக அப்பாவிடம் போனேன். குன்னூரில் யார் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் “ஒரு ஸ்க்ரூ கூட மாத்தலீங்க” என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஜெகதீசன் அவர்தான்.

“நம்ம ஸ்டியரிங் வேனோடதாமே?”

டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “யாரு சொன்னது?”

“யாரோ. ஆமாவா, இல்லையா?”

“ஸ்டியரிங்ல கை வெக்காதே கீர்த்தனா.”

“அதான், ஏன்?”

“சொன்னா கேளு.”

பதில் இல்லாதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். “பொய் சொல்லிப் பெருமை அடிச்சுக்கறீங்க. எனக்கெல்லாம் அது வராது” என்றேன், முகத்துக்கு நேராகவே.

அவர் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மா இத்தலாரில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் ஒரு மணி பஸ்ஸில் வருகிறாள். வந்துவிட்டால் சாவி அவள் கைக்குப் போய்விடும். தையல் கடைக்கு தினமும் அவள்தான் அந்த வண்டியை ஓட்டிப் போவாள். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

அயூப் பாய் ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்து எங்கள் வண்டியைத் தொடுகிற ஒரே மெக்கானிக் அவர்தான்.

“ஒரிஜினல் ஸ்டியரிங் எங்கயாச்சும் கிடைக்குமா பாய்?”

“அப்பாகிட்டச் சொல்லிட்டியா கண்ணு?”

“கிடைக்குமா, கிடைக்காதா?”

பாய் பரணில் ஏறி ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே கறுப்பாக, சின்னதாக ஒரு ஸ்டியரிங்.

“யாரோடது இது?”

“உங்க வண்டியோடதுதான். இருபத்திரண்டு வருஷமா இங்கதான் கிடக்கு.”

“அப்ப நீங்களும் கூட்டா?”

“ஆமா, கூட்டுத்தான்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றுவதற்குள் என் உயிரை வாங்கிவிட்டார். “பாய், பஸ் ஒரு மணிக்கு!”

“உன் பஸ் டைம் இந்த நட்டுக்குத் தெரியுமா கண்ணு?”

ஒரு வழியாக மாட்டி முடித்து, பக்கத்து சீட்டில் அவரே ஏறிக்கொண்டார். “கோத்தகிரி ரோட்டுல விடு. அந்த முதல் வளைவு வரைக்கும்.”

முதல் வளைவிலேயே தோள் வலித்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

“டைட்டா இருக்கு பாய்.”

“டைட் இல்ல. வட்டம் சின்னதானா பலம் ஜாஸ்தி வேணும். இப்ப கியரை மாத்திக்கிட்டே திரும்பு.”

இந்த வண்டியில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடது கை கியருக்குப் போனது. வலது கை மட்டும் தனியாக இழுத்தது. ஸ்டியரிங் பாதியில் நின்றது. வண்டி தடுப்புச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

பாய் பதறவே இல்லை. “உங்கம்மாவோட வலது மணிக்கட்டைப் பாத்திருக்கியா?”

பார்க்காமல் என்ன? கல்யாணத்துக்கு முன்னால், எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து மூட்டை விழுந்து முறிந்து, கோணலாகச் சேர்ந்த எலும்பு. இட்லிப் பானையைக்கூட அம்மா இடது கையால்தான் இறக்குவாள்.

“கல்யாணமான புதுசுல அவங்க ஓட்டப் பழகினது இதே வண்டியில, இதே வளைவுல. ரெண்டாவது நாளே இறங்கிட்டாங்க. ‘என் கை ஆகாத கை, எனக்கெதுக்கு வண்டி’ன்னு அழுதுட்டு இத்தலார்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க திரும்பறதுக்குள்ள உங்கப்பா ஒரு வேன் ஸ்டியரிங்கைத் தூக்கிட்டு வந்தார். இந்த வண்டிக்குப் பொருந்தற மாதிரி லேத்துல புஷ் கடைஞ்சு, மாட்டி, ரெண்டு நாள் மட்டும் தொட்டவங்களுக்கு வித்தியாசம் தெரியாம கவர் போட்டுக் குடுத்தேன்.”

“அம்மா கேக்கலையா?”

“கேட்டாங்க. ‘உன் கையில குத்தம் இல்ல விஜயா. ஸ்டியரிங் பாக்ஸ்ல கிரீஸ் காஞ்சு கிடந்துச்சு. மத்தபடி ஒரு ஸ்க்ரூ கூட மாத்தலை’ன்னார். அன்னிக்குச் சொன்னதை இன்னும் ஊர் பூரா சொல்லிட்டிருக்கார்.”

நான் வண்டியைத் திருப்பினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினேன்.

“பாய், வேன் ஸ்டியரிங்கையே திருப்பி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

“உன் பஸ் டைமுக்குள்ள முடிச்சிடலாம்.”

அவர் நட்டைக் கழற்றும்போதே பிரைட்டனுக்கு போன் போட்டேன். “வேன் ஸ்டியரிங்தாங்க. மாத்த முடியாது. வேற வண்டி பாத்துக்கங்க.” அவர் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கேரட் பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, அம்மா சாவிக்குக் கை நீட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அதே வளைவு. இடது கை கியருக்குப் போனது. வலது உள்ளங்கையை மட்டும் ஸ்டியரிங்கில் அழுத்தி ஒரு சுற்று சுற்றினாள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

“ஏண்டி, கவரெல்லாம் கிரீஸா இருக்கு? நான் இல்லாதப்ப ஸ்டியரிங்கை எதாச்சும் பண்ணினியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எதையும் மாத்திடாதே, சொல்லிட்டேன். இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவேன்னு கேட்டவங்க முன்னாடி, ஒரிஜினல் ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பிக் காட்டினவடி நான்.”

“எனக்குத் தெரியாதாம்மா? ஒரு ஸ்க்ரூ கூட மாத்தலை” என்றேன்.