சோய்லா வீட்டுப் பாலன்

"கை நழுவிடுச்சுன்னு சொன்னா ஆச்சா? எங்க பாட்டன் காலத்துப் பாலனைப் போட்டு உடைச்சுப்புட்டு, தலையைக் குனிஞ்சு நின்னா சரியாப் போச்சா?"

சோய்லாவின் குரலில் ஆண்கள் அறுவை வார்டே கிடுகிடுத்தது. குவெங்கா ஊர்ச் சந்தையில் பூ விற்கிறவள், குரலுக்குக் கேட்கவா வேண்டும்.

குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொண்ட புருஷனுக்குத் துணையாக வந்தவள், வீட்டிலிருந்த குழந்தை இயேசு சுரூபத்தையும் தூக்கி வந்திருந்தாள். தினமும் பாலன் பாதத்தை முத்தமிட்டு, கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய் எல்லார் காயத்திலும் ஒற்றி எடுப்பாள்.

"மன்னிச்சுடும்மா," என்றார் வார்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீ, சிஸ்டர் அம்பாரோ.

"பெரிய டாக்டர் வரட்டும். இந்தக் கிழவி இனிமே இந்த வார்டுல கால் வைக்கக் கூடாது. பெனில்டா, நீதான் சாட்சி சொல்லணும்."

நர்ஸ் பெனில்டாவுக்கும் ஆத்திரம்தான். நாலு பேருக்குக் காயம் சீழ் பிடித்துக் கிடக்கிறது. அதில் கொத்தனார் ஒருவருக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. இந்த நேரம் பார்த்தா பாலனை உடைப்பார்கள்?

"சொல்றேன்," என்றாள்.

சீழ் பரிசோதனை என்னாச்சு என்று கேட்க ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். டாக்டர் லிசார்தோ ஒரு கண்ணாடித் தட்டை நீட்டினார். பொன்னைத் தூவினாற்போல் அதில் புள்ளி புள்ளியாய்.

"அழகா இருக்கே டாக்டர்."

"கொத்தனார் காயத்துல இருந்து எடுத்த கிருமி. மத்த மூணு பேருக்கும் இதேதான். நல்லா இருக்கறவங்க மூக்குல இது பாட்டுக்கு வருஷக்கணக்கா குடியிருக்கும், ஒரு தும்மல்கூட வராது. அறுத்த சதையில பட்டுதோ, ஆளையே தின்னுடும்."

பெனில்டா தட்டை உற்றுப் பார்த்தாள். ஒரே கிருமி, ஒரு உடம்பில் விருந்தாளி, இன்னொன்றில் எமன்.

"எந்த மருந்துக்கு இது சாகும்னு கண்டுபிடிச்சாச்சு. கொத்தனார் பிழைச்சுக்குவாரு."

"எங்கேருந்து டாக்டர் வந்துச்சு?"

"வார்டுல எல்லார் மூக்குலயும் பஞ்சு விட்டு எடுத்தோமே, ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. அப்புறம் பாலன் பாதத்துல, பெயிண்ட் உரிஞ்ச வெடிப்புல."

"பாதத்துலயா? அப்போ சோய்லா..."

"வெளியில சொல்லிடாதே. சிஸ்டர் என்கிட்ட சத்தியம் வாங்காத குறை. கழுவினா சுண்ணாம்புச் சிலை கரையும், ஒளிச்சு வெச்சா ஏன்னு கேப்பாங்க, உண்மையைச் சொன்னா, முத்தம் குடுத்தே நாலு பேரைப் படுக்கையில தள்ளிட்டோமேன்னு அந்தப் பொம்பளை ஒடிஞ்சு போயிடும்னாங்க. சிலுவை போட்டுக்கிட்டு, என் கண் முன்னாடியே சுத்தியலைத் தூக்கினாங்க. தினமும் அந்தப் பாலன் முன்னாடி மண்டி போடறவங்க."

பெனில்டா வார்டுக்குத் திரும்பியபோது, சிஸ்டர் வரிசையாக எல்லார் மூக்கிலும் கிருமியைக் கொல்லும் களிம்பு தடவிக்கொண்டு வந்தார். இப்போது சோய்லாவின் முறை.

"வந்துட்டியா பெனில்டா? சாட்சி சொல்லுவேதானே?"

"நான் எதையும் பாக்கலைம்மா."

"நீயும் அந்தக் கட்சிதானா?" சோய்லா சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "பாலனை உடைச்ச இந்தக் கை விளங்குமா?"

"விளங்காதும்மா," என்றார் சிஸ்டர், அவள் முகவாயைப் பதமாகப் பிடித்து நிமிர்த்தியபடி. "கொஞ்சம் அசையாம இரு. இந்தப் பக்கமும் தடவிடறேன்."