பச்சைச் சாயம்

மலையுச்சியில் ஓடை ஒரு குழிக்குள் விழுந்து மறைகிறது. அது எந்த ஊற்றாக வெளியே வருகிறது என்று அறிய, அளவையாளர் சாயக் குப்பியோடு குழியின் விளிம்பில் நின்றார். அடிவார ஊற்றில் காவலிருந்த மைத்துனன் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்.

“மாமா, சாயம் வந்துடுச்சு! தண்ணி பச்சைப்பசேல்னு இருக்கு.”

“யாருக்குடா காது குத்துற? நான் இன்னும் மூடியே திறக்கல.”

அவன் சிரிக்கவில்லை. “கூடவே உங்க பூட்ஸ் ஒண்ணும் வந்திருக்கு. அக்கா மாத்திக் குடுத்த அதே மஞ்சள் லேஸ்.”

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு பூட்ஸும் காலில்தான் இருந்தன. மஞ்சள் லேஸும் இருந்தது.

“மாமா... போட்ட முடிச்சு அவிழல. தூக்கிப் பார்த்தேன், உள்ள கனமா இருக்கு.”

பின்னால் நகரக் காலெடுத்தார். நின்ற கல் லேசாக ஆடியது. கையிலிருந்த கண்ணாடிக் குப்பி நழுவிப் பாறையில் உடைந்தது.

ஓடை பச்சையாகக் குழிக்குள் இறங்கியது.